ரவாங் வரைக்கும்

"ரவாங்கில உனக்கு என்னடி வேல—"

"ஒரு வேலையும் இல்லன்னு சொல்றேன்ல மம்மி—"

"வேலையில்லாமலா மூணு சனிக்கிழமை—"

"நாலு."

"நாலா?" சாந்தமேரி கையிலிருந்த தோசைக்கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. "கேட்டீங்களாங்க? நாலாம்! முகுந்தன் சார் மூணுன்னுதான் மெசேஜ் போட்டிருக்காரு. இவ கூட ஒண்ணு சேத்துக் கொடுக்கிறா."

கிரிகரி தேநீர்க் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உண்மையச் சொல்றாளே, அதப் பாரேன்," என்றார்.

"நீங்க பேசாம இருங்க."

"மொதல்ல போகாத வாரம் காய்ச்சல்னு சாருக்கு மெசேஜ் போட்டேன்," என்றாள் நடாலி. "அதான் அவரு கணக்குல வரல."

சாந்தமேரிக்கு எங்கே ஆரம்பித்துத் திட்டுவது என்று தெரியவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் முகுந்தன் சார் சனிக்கிழமை காலையில் நடத்துவது பாட வகுப்பு இல்லை. மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற வகுப்பு. வீடு இருக்கிற கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம். மகள் ஏறியிருக்கிறாள். இறங்கவில்லை. ரயில் போகிற போக்கில் ரவாங் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதிர் ரயிலில் ஏறி, வகுப்பு முடிந்த பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்திருக்கிறாள். ரவாங் ஸ்டேஷன் பெஞ்சில் உன் மகளைப் பார்த்தேனே என்று ஃபிலோ ஆன்டி நேற்று போன் போடாவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது. ஃபிலோ ஆன்டி, அவர்களுடைய மாதா கோவிலில் வட்டாரக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தின் தலைவி. அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி.

"யாருடி அவன்?"

"எவன்?"

"ரவாங்கில இருக்கிறவன்."

"ரவாங்கில எவ்வளவோ பேரு இருக்காங்க மம்மி."

"வாய் மட்டும் நடுங்கல பாத்தியா."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. பள்ளியில் வைத்த டிரையல் முன்னோட்டத் தேர்வில் நடாலி கணக்குத் தாளில் பேரை மட்டும் எழுதிவிட்டு, முழு நேரமும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கை நடுக்கம் நின்றால்தானே எழுத. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்தபோது சாந்தமேரி ஆபீசில் இருந்தாள்.   பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு இன்னும் ஏழு வாரம். அதிலும் இப்படி வெறும் பேரை எழுதிவிட்டு வந்தால்?

அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாக எந்த கன்டெய்னர் எத்தனை மணிக்கு ஏறும், இறங்கும் என்று அட்டவணை போடுகிறவள். முதல் வாரம் முகுந்தன் சார் கொடுத்தனுப்பிய தாளை வைத்து மகளுக்கும் ஒன்று போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். காலை 5.30 மூச்சுப் பயிற்சி. 5.45 மனதில் உள்ளதை எழுதுதல். மாலை 6.10 நடை. 8.40 சிரிப்பு.

"நேத்து சிரிப்புக்கு டிக் அடிக்கலையே, ஏன்?"

"நான் என்ன கன்டெய்னரா மம்மி? இந்த நேரத்துக்கு ஏத்து, இந்த நேரத்துக்கு இறக்குன்னு—"

"கன்டெய்னர்கூட சொன்ன இடத்துல இறங்கும்டி!"

கிரிகரிக்குத் தேநீர் புரையேறியது. சாந்தமேரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கிளம்பு. இன்னிக்கு நானே கூட வரேன். மாடிப்படி ஏறி, நாற்காலியில உக்கார வச்சிட்டுத்தான் மறுவேலை."

ரயிலின் பெண்கள் பெட்டியில் இடம் இருந்தது. நடாலி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, பையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள். சாந்தமேரி ஷா ஆலம் வரை அறிவுரை சொன்னாள். சுபாங் ஜெயா வரை சின்னம்மா மகன் தனேஷைப் பற்றிச் சொன்னாள். அவன் எட்டு 'ஏ' எடுத்தவன், அவனுக்கு ஸ்ட்ரெஸ்ஸே வந்ததில்லை.

"அவனுக்கு வரல. அவன் வீட்டுல மத்த எல்லாருக்கும் வந்துச்சு," என்றாள் நடாலி, ஜன்னலைப் பார்த்தபடி.

கே.எல். சென்ட்ரல் வந்தது. சாந்தமேரி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வா."

நடாலி அசையவில்லை.

"வான்னா வா லா. கதவு மூடப் போறான்."

"நீங்க வேணும்னா இறங்குங்க மம்மி."

"நான் எதுக்குடி இறங்கறேன்? எனக்கா கிளாஸ்?"

"போய்ப் பாருங்க, நல்லாதான் இருக்கும்."

எதிர் சீட்டில் இருந்த மலாய்க்கார அம்மா காய்கறிப் பையை இழுத்து வைத்து வழி விட்டார். யாரும் இறங்கவில்லை. கதவு கூவியது, மூடியது. சாந்தமேரி கம்பியைப் பிடித்தபடி, போகிற பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொப்பென்று உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"ஹலோ, முகுந்தன் சாரா? சார், நாங்க கொஞ்சம் லேட்டு... இல்ல சார், ஜாம்... ஆமா, ரயில்லதான் வரோம்..." குரல் இறங்கியது. "ரயில்ல எப்படி ஜாம்னு கேக்கிறாரு," என்று மகளிடம் கிசுகிசுத்தாள், இவளே ஏதாவது நல்ல பொய்யாகச் சொல்லித் தரட்டும் என்பது போல.

நடாலி தோளைக் குலுக்கினாள்.

"சார் கேக்கிறாரு, பிள்ளை எப்படி இருக்கான்னு."

அதைக் கேட்கும்போதுதான் அவள் மகளின் கையைப் பார்த்தாள். பையின் மேல் விரித்த விரல்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. ரயில் ஆட்டம் என்று நினைத்தாள். அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றது, விரல்கள் நிற்கவில்லை.

"அப்புறம் கூப்பிடுறேன் சார்." போனை வைத்தாள். "காலையில இருந்தே இப்படியா?"

"நீங்க ரவாங்னு ஆரம்பிச்சதுல இருந்து."

"கிளாசுக்குப் போனாதானே இதுக்கு ஒரு வழி சொல்லுவாங்க?"

"மொத கிளாஸ் போனேன்ல? நல்லாதான் இருந்துச்சு. மறுநாள் நீங்க பேர் கொடுத்தீங்க."

"எந்தப் பேரு?"

"பூசையில."

சாந்தமேரிக்கு நினைவு வந்தது. ஞாயிறு தமிழ்த் திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு. நோயாளிகளுக்கு, இறந்தவர்களுக்கு, வேலை இல்லாதவர்களுக்கு என்று பேர் எழுதிக் கொடுத்தால் பீடத்தருகே நின்று வாசிப்பார்கள். அவளும் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்: எஸ்.பி.எம். எழுதவிருக்கும், மன அழுத்தத்தால் அவதியுறும் நடாலி கிரிகரிக்காக. கோவில் முழுக்க எழுந்து நின்று, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொன்னபோது அவளுக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் நின்ற மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"நான் கடவுள்கிட்டதானே சொன்னேன்?"

"மைக்குல சொன்னீங்க மம்மி."

"அது வந்து—"

"முழுப் பேரோட."

"எந்த நடாலின்னு ஆண்டவருக்குத் தெரிய வேணாமா?"

நடாலி சிரிக்கவில்லை. "பூசை முடிஞ்சு வாசல்ல ஃபிலோ ஆன்டி என் நெத்தியில எண்ணெய் தடவினாங்க. இன்னொரு ஆன்டி, ராத்திரி தூங்குறியா, வெளிக்குப் போறியான்னு எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. முகுந்தன் சார் கிளாஸ்ல ரெண்டு பேரு நம்ம கோவில் பிள்ளைங்க. திங்கக்கிழமையே கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல எனக்குப் பேரு வச்சிட்டாங்க. 'மன்றாட்டு'."

"மன்றாட்டா?"

"'மன்றாட்டு வந்துட்டாளா, மன்றாட்டு சாப்பிட்டாளா'ன்னு."

சாந்தமேரிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது? "இத ஏண்டி அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க ஏதாவது செய்வீங்க."

"செய்யாம பின்ன? நான் ஃபாதர்கிட்ட பேசுறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நன்றி மன்றாட்டு ஒண்ணு போட்டுடலாம். பிள்ளைக்குக் குணமாயிடுச்சுன்னு—"

"மம்மி!"

மலாய்க்கார அம்மா திரும்பிப் பார்த்தார்.

"சரி, சரி. போடல." சாந்தமேரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் குளிர்சாதனம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. "அப்படி என்ன இருக்கு இந்த ரயில்ல?"

"ஒண்ணும் இல்ல. யாரும் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "கெப்போங் தாண்டினா கை கொஞ்சம் கொறையும். சுங்கை பூலோ தாண்டி மரமா வரும்ல, அங்க நின்னுடும். அப்புறம் புக்க எடுப்பேன்."

"எந்த புக்கு?"

நடாலி பையிலிருந்து நீட்டியது கணக்கு நோட்டு. சாந்தமேரி புரட்டினாள். நான்கு சனிக்கிழமைத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்குக் கீழும் முதல் வரி எறும்பு ஊர்ந்தது போலக் கோணலாகப் போயிற்று. பக்கம் இறங்க இறங்க எழுத்து நேரானது. பழைய எஸ்.பி.எம். தாள்களின் கணக்குகள். ஒன்றுவிடாமல் விடை வரை போட்டிருந்தாள்.

வெறும் பேரில்லை. சாந்தமேரி நோட்டை மூடி, மறுபடி திறந்து, முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள்.  மனம் இளகும்போதெல்லாம் அவளுக்குப் பேச்சு அதிகமாகத்தான் வரும்.

"அப்ப ஒண்ணு செய்வோம். அடுத்த வாரத்துல இருந்து நானும் கூட வரேன். எட்டு இருபது ரயிலப் பிடிப்போம், கூட்டம் இருக்காது. பிளாஸ்க்குல மைலோ கலக்கிக்கலாம். போகும்போது ரெண்டு தாளு, வரும்போது ரெண்டு தாளு, நான் நேரம் பாத்துச் சொல்றேன். ஒரு சின்ன அட்டவணை மட்டும்..."

போனில் குறிப்பு எழுதும் பக்கத்தைத் திறந்து, 'சனி 8.20' என்று தட்டியும் விட்டாள். தலை நிமிர்ந்தபோது மகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். களைத்துப்போய், இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்க்கிற பார்வை.

சாந்தமேரி தட்டியதை அழித்தாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்து, நோட்டை மகளிடம் கொடுத்தாள். இரண்டு ஸ்டேஷன் வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது பெரிய தூரம். ஃபிலோ ஆன்டி அழைத்தார். அடித்து ஓயட்டும் என்று விட்டாள். இரண்டாம் முறையும் விட்டாள். நாக்கு நுனியில் தனேஷ், ஃபாதர், மைலோ எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரயில் சுங்கை பூலோவைத் தாண்டியது. கட்டடங்கள் விலகி, பாதையின் இருபுறமும் மரங்கள் வந்தன. அவள் நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரிந்த மகளின் கையைப் பார்த்தாள். அது நின்றிருந்தது. பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நோட்டில் இன்றைய தேதியை எழுதியது. எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போகாமல், நடாலி கேட்டாள்:

"மம்மி, அடுத்த சனிக்கிழமை நான் தனியா வரட்டுமா?"