நன்றியுரை: முனைவர் இர்பானா

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நோட்டீஸில் பிறந்தது. சேலம் சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது சுவரில் பார்த்தேன். ‘உலக நடப்பு மன்றம் நடத்தும் வெளியுறவுக் கலந்துரையாடல்கள்.’ மூன்று மாதம், மூன்று தலைப்பு. முதல் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய மனிதர்கள். மூன்றாவதுக்குப் பேச்சாளர் பின்னர் அறிவிக்கப்படுவார். மூன்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரே வரி: நன்றியுரை, முனைவர் இர்பானா.

அடக் கொடுமையே! பேச்சாளரே முடிவாகாத கூட்டத்துக்கும் நன்றி சொல்ல ஆள் முடிவாகியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘இந்தியப் பெருங்கடலின் நீல விரிப்பில் ஒரு கப்பல்…’ சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எதற்கு இந்த வேலை? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘இர்பானா கோபமாக இருந்தாள்.’ இது தேவலை.

கடல்வழி அரசியலை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள், கல்லூரியில் அதையே பாடம் நடத்துகிறவள். மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு சிறப்புரைக்கு வாய்ப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மன்றத் தலைவர் பொன்னன், ரயில்வேயில் ஓய்வு பெற்ற திருச்செங்கோட்டுக்காரர், எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்.

“பேசறதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஆள் வருவாங்க அம்மிணி. நன்றி சொல்றதுக்கு உன்னைய உட்டா ஆரு சாமி இருக்கறா?”

“இந்த ரெண்டாவது கூட்டத்துத் தலைப்பே கடல்வழிதானே சார்?”

“அடுத்த தடவ பாக்கலாஞ் சாமி.”

இந்தக் கூட்டத்தோடு மன்றத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவதென்று இர்பானா முடிவு செய்துவிட்டாள்.

3

பொன்னனை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. கூட்டத்துக்கு முந்தி நாற்காலிகளைத் தானே துடைப்பவர். இர்பானாவுக்குச் சர்க்கரை கம்மியாக டீ சொல்லி வைப்பவர். நன்றியுரையை அவர் நிஜமாகவே ஒரு கௌரவமாகத்தான் கொடுத்தார். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

[சென்னைப் பேச்சாளரின் ரயில் தாமதமாகி, இர்பானா மேடையேறி, கைதட்டலில் கூரை பிளந்து… வேண்டாம். ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.]

4

பேச்சாளர் பேசினார், பேசினார், வல்லரசுகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பின்வரிசை எழுந்து டீ மேசையைப் பார்த்தது. இர்பானா மைக்கைப் பிடித்தாள்.*

*(ஒரு குறிப்பு. இந்த மன்றத்தில் நேரம் தாண்டினால் யாராக இருந்தாலும் மணியடிப்பார்கள். நன்றியுரைக்கு மட்டும் அடிக்க மாட்டார்கள். நன்றி சொல்கிறவரை எப்படி நிறுத்துவது? இன்னொன்று, பெயர் சொல்லி நன்றி சொன்னால் அந்த ஆள் எழுந்து கும்பிட்டே ஆக வேண்டும். நம் மேடைகளில் அது எழுதாத சட்டம்.)

“கடல்ல சண்டை வந்து கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போனப்பவும் முட்டை போடறதை நிறுத்தாத நாமக்கல் கோழிகளுக்கு நன்றி.”

சிரிப்பு. எழுந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

“கப்பல் தட்டுப்பாட்டுல அந்த முட்டை கெடாம வளைகுடா போய்ச் சேரணுமேன்னு தூக்கத்தைத் தொலைச்ச பண்ணைக்காரங்களுக்கு நன்றி. சின்னண்ணன் அண்ணே, உங்களுக்குத்தான்.”

முன்வரிசையிலிருந்த பண்ணைக்காரர் சின்னண்ணன் எழுந்து கும்பிட்டார். “சொல்லுங்க டீச்சர், சொல்லுங்க! எங்க பாட்டை ஆரு பேசறாங்க!”

இர்பானா சொன்னாள். கடல்வழிக்கு யார் காவல், கப்பலுக்கு யார் காப்பீடு, நடுவில் மாட்டிக்கொள்வது யார், எல்லாவற்றையும் நன்றியாகவே சொன்னாள்.

“சண்டைக்கு நிக்கிற ரெண்டு பக்கமும் நம்ம சரக்கு போகுது. ரெண்டு பேர்கிட்டயும் பேச்சை முறிச்சுக்காம இருக்கப்போற டெல்லிக்கு நன்றி. ஒப்பந்தம் எழுதறதுக்கு முன்னாடி நாமக்கல்லையும் ஒரு வார்த்தை கேக்கப்போறாங்க பாருங்க, அதுக்கும் முன்கூட்டியே நன்றி!”

சென்னைப் பேச்சாளரே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் நகரவில்லை.

“கடைசியா, அடுத்த மாசம் இதே மேடையில என்னைச் சிறப்புரைக்குக் கூப்பிடப்போற தலைவர் பொன்னன் சாருக்கு முன்கூட்டியே நன்றி.”

பழக்க தோஷம். பொன்னன் எழுந்து கும்பிட்டுவிட்டார். கும்பிட்ட பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. அதற்குள் அரங்கமே கைதட்டியது. சின்னண்ணன் விசிலே அடித்தார். கூப்பிய கையை இறக்கத் தெரியாமல் பொன்னன் சிரித்துவிட்டார்.

“அட சாமி! எல்லாரையும் சாட்சி வெச்சு எங்கிட்ட வாக்கு வாங்கிப்போட்டயே!”

ஜெயித்துவிட்டாள் இர்பானா! எழுதிக்கொண்டிருந்த நானும் மேசையைத் தட்டினேன். சந்தோஷம் தாங்கவில்லை, என்ன செய்வது?

5

மூன்றாவது கூட்டத்துக்குப் புது நோட்டீஸ் தயார். ‘சிறப்புரை: முனைவர் இர்பானா’, கொட்டை எழுத்தில். அடியில் ‘நன்றியுரை’ என்று போட்டு இடம் காலியாக இருக்கிறது.

“இதுக்கு ஆரைப் போடறதுங்க?” என்று பொன்னன் என்னிடமே வந்து நிற்கிறார். சின்னண்ணனைப் போடலாம்; அவர் விசிலோடு முடித்துவிடுவார். பொன்னனே சொல்லலாம், ஆனால் அவர் தனக்கே நன்றி சொல்லி, தானே எழுந்து… இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.

நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போகிறது. நீங்களே ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரானாலும் சரி. இர்பானா பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.