கயிற்றுக்கு இந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பியர்பொன்ட்ஸ் புறநகரில் இருந்த தன் வீட்டின் பேஸ்மென்டில் மணிவாசகம் ஓர் இரும்புத் துண்டை அசிங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்க்கும் வார்ப்பாலையின் சோதனைக்கூடத்தில் தினமும் பத்துப் பன்னிரண்டு கம்பிகளை இயந்திரத்தில் இழுத்து அறுத்துப் பார்ப்பார்கள். அறுந்த துண்டுகள் ஒரு தொட்டியில் கிடக்கும். அதில் ஒன்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முந்நூறு கிராம் எடை. முதலில் அதில் பொறித்திருந்த எண்ணை அரத்தால் ராவி எடுத்தார். பிறகு ப்ளோ டார்ச்சால் சிவக்கச் சுட்டு, சுத்தியலால் முனைகளை நசுக்கி, ஈரக் களிமண்ணில் புரட்டி, மறுபடியும் சுட்டார். ஆறியதும் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ தட்டுத்தடுமாறி எடுத்த இரும்பு போல இருந்தது.

மனைவி அனுசூயா படிக்கட்டில் பாதி இறங்கி நின்றாள்.

"சாதம் ஆறுது. என்ன அது?"

"சும்மா. ஒரு துண்டு."

அவள் ஆஸ்பத்திரியில் பெதாலஜிஸ்ட். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் திசுக்களைப் பார்த்து அறிக்கை எழுதுபவள். கண்ணில் பட்டதற்கு உடனே பெயர் வைப்பதில்லை. துண்டை ஒரு முறை பார்த்துவிட்டு மேலே போனாள்.

அது 1975 செப்டம்பர். இரண்டு வருடத்துக்கு முன் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் இருந்தது. இரும்பைப் பற்றித் தெரிந்தவர் தேவை என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியவர் மிஸஸ் கீகன். பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஐரிஷ்காரர். அவரும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் இல்-பிசார் தீவில் ஒரு பண்ணையின் மூலையைக் கேட்டு வாங்கி, பழங்கால ஐரோப்பாவில் கெல்ட் மக்கள் இருந்ததுபோல ஒரு குடியிருப்பை அமைத்திருந்தார்கள். வைக்கோல் வேய்ந்த வட்டக் குடிசை. நூல்களின் நுனியில் களிமண் குண்டுகள் தொங்கும் தறி. மாவு அரைக்கக் கல் திரிகை. சனி ஞாயிறுகளில் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு அங்கேயே சமைத்து, நெய்து, இடித்து, அந்தக் காலத்து ஆட்களாக இருப்பார்கள். சுற்றிலும் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இல்லாத எதுவும் கயிற்றைத் தாண்டக் கூடாது. நுழையும் இடத்தில் மிஸஸ் கீகன் பிரம்புக் கூடையோடு நிற்பார். கைக்கடிகாரம், கார் சாவி, சிகரெட் எல்லாம் அதில் விழ வேண்டும். பரீட்சைத் தாள் வாங்குவது போல முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார். மூக்குக்கண்ணாடிக்கு மட்டும், ஓட்டெடுப்பு நடத்தி, விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

தென்னிந்தியாவில் அந்தக் காலத்திலேயே நல்ல எஃகு செய்தார்களாமே என்று, மணிவாசகம் போய்ச் சேர்ந்த முதல் நாளே மிஸஸ் கீகன் கேட்டார். படித்திருந்தார். மணிவாசகம் வாழ்க்கையில் பார்த்த முதல் உலை ஜாம்ஷெட்பூரில், பத்து மாடி உயரத்தில் நின்றது. அதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மற்ற எல்லாம் கைகூடியது. தறியில் துணி வந்தது. ஒரு பல் டாக்டர் மெழுகில் அச்செடுத்து வெண்கல ஊசி வார்த்தார். இரும்பு மட்டும் வரவில்லை. சதுப்பிலிருந்து எடுத்த தாதுவையும் கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, இரண்டு கோடையில் நான்கு தடவை களிமண் உலையை எரித்தார்கள். நான்கு தடவையும் உடைத்துப் பார்த்தால் கருப்புக் கண்ணாடி போலக் கசடுதான் இருந்தது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. துருத்தி ஊதும் ரெனே பஸ் டிரைவர். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு காலத்தில் கெல்ட்கள்தான் என்று மிஸஸ் கீகனோடு ஓயாமல் வாதாடுபவன். அவன் தோளில் தட்டினான்.

"பரவாயில்ல, முஸ்யே மணி. எங்க பாட்டனுங்களுக்கும் மொத நூறு வருஷம் கசடுதான் வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மணிவாசகமும் சிரித்தார். பதினெட்டு வருடமாக இரும்பைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்.

இப்போது பண்ணையை விற்றுவிட்டார்கள். வீடுகள் வரப்போகின்றன. வயலில் ஆரஞ்சு நாடா கட்டிய அளவு முளைகள் நின்றன. செப்டம்பரோடு காலி செய்ய வேண்டும். நாளை ஐந்தாவது எரிப்பு. அதோடு முடிந்தது. அயர்லாந்தில் ஓர் அருங்காட்சியகத்தோடு மிஸஸ் கீகன் பல வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரும்பு எடுத்துக் காட்டினால் அவருடைய கட்டுரையைத் தங்கள் ஆண்டு மலரில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் கூட வேலை பார்த்தவர்கள் இதை வேஷம் கட்டி ஆடும் ஆட்டம் என்பார்களாம். அதை அவர் ஒரு முறை, தறி நூலைச் சரிசெய்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை மணிவாசகம் கட்டம் போட்ட கம்பளியைத் தோளில் ஊசி குத்திக்கொண்டு இறங்கியபோது அனுசூயா காபியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துல வேட்டி நிக்காதுன்னு பெல்ட் கட்டுன ஆளு. இப்ப ஒரு ஊசில நிக்குதே."

"இது கம்பளி. வழுக்காது."

"போயிட்டு வாங்க ராஜா."

பாலம் தாண்டினால் தீவு. கூடையில் கடிகாரத்தையும் சாவியையும் போட்டார். துண்டு இடுப்பில் இருந்த தோல் பையில் கிடந்தது. மிஸஸ் கீகன் வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து ஊதினார்கள். கடிகாரம் இல்லாததால் குடிசையின் நிழலை வைத்துத்தான் கணக்கு. நிழல் தறியைத் தொட்டபோது மற்றவர்கள் வாற்கோதுமைக் கஞ்சிக்குப் போனார்கள். ரெனே புல்லில் மல்லாந்து கிடந்தான். துருத்தியை மிதிக்க வந்த பல் டாக்டர் எதிர்ப்பக்கம் குனிந்திருந்தார். மணிவாசகம் ஒரு கூடைக் கரியை உலையின் வாயில் கொட்டினார். கரியோடு துண்டும் போனது. சத்தம்கூட வரவில்லை. கைகளைக் கம்பளியில் துடைத்துக்கொண்டார். ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது மாதிரிதான் இது என்று நினைத்துக்கொண்டார். சின்னதாக ஒரு கட்டி. வயதான ஒரு மனுஷிக்கு. யாருக்கு என்ன நஷ்டம்.

பொழுது சாயும் நேரத்தில் உலையின் அடியை உடைத்தார்கள். பச்சை மரத்தில் செதுக்கிய இடுக்கியால் கசடைத் தள்ளி, உள்ளே கைக்குத் தட்டுப்பட்டதைக் கவ்வி இழுத்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். தூக்கியபோது மணிக்கட்டு கீழே போயிற்று.

அவர் போட்டது முந்நூறு கிராம். இடுக்கியில் இருந்தது இரண்டு கிலோவுக்குக் குறையாது.

கட்டையின் மேல் வைத்து ரெனே மரச் சம்மட்டியால் அடித்தான். கசடு தெறித்தது. கட்டி உடையவில்லை. அமுங்கியது. இரும்பு மட்டும்தான் அப்படி அமுங்கும். ரெனே சம்மட்டியைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். சுற்றும்போது மணிவாசகத்துக்கு ஆரஞ்சு நாடாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தன. உலை தானாகவே இரும்பு கொடுத்திருக்கிறது. காற்றும் கரியும் இந்தத் தடவை சரியாக இருந்திருக்கின்றன. காலையிலேயே சரியாக இருந்திருக்கின்றன. இன்னும் மூன்று மணி நேரம் அவர் சும்மா இருந்திருந்தால் போதும்.

மிஸஸ் கீகன் தரையில் உட்கார்ந்து, சிவப்பு இறங்கிக்கொண்டிருந்த கட்டிக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். சூடு முழுக்கப் போகும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அதைத் துணியில் சுற்றி மணிவாசகத்திடம் கொடுத்தார். அறுத்து, படம் எடுத்து, பழைய முறையில் எடுத்த இரும்புதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்.

"எங்கள்ல உங்க வார்த்தைக்குத்தான் மதிப்பு. நாங்க எல்லாம் ஆசைப்படறவங்க. நீங்க தெரிஞ்சவர்."

அடுத்த சனிக்கிழமை வார்ப்பாலையில் காவலாளி தவிர யாரும் இல்லை. அனுசூயாவும் கூட வந்திருந்தாள். உன் மைக்ராஸ்கோப் மாதிரிதான் இருக்கும், வந்து பார் என்று அவர்தான் கூப்பிட்டார். எதற்குக் கூப்பிட்டார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கட்டியைக் குறுக்காக அறுத்தார். உப்புத்தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகேற்றி, அமிலத்தில் நனைத்துக் கழுவினார். மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சுற்றிலும் கசடு இழை இழையாக ஓடிய கரடான இரும்பு. நடுவில், கோழிமுட்டை அளவுக்கு, இழையே இல்லாத சுத்தமான சாம்பல் திட்டு.

இருந்தாலும் அனுசூயா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். நெடுநேரம் தட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"இது ரெண்டு வேற உடம்புங்க."

"ம்."

"நடுவுல இருக்கறது அன்னிக்கு பேஸ்மென்ட்ல அடிச்சீங்களே, அதுவா?"

"அதுதான்."

"சுத்தி?"

"அது உலையில வந்தது. நெஜமாவே வந்தது, அனு."

அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். உள்ளதைச் சொன்னால் அருங்காட்சியகத்தில் இதைத் தொடவே மாட்டார்கள். ஒன்றைப் போட்டவர் இன்னும் எத்தனை போட்டிருப்பார் என்று கேட்பார்கள். இன்னொரு தடவை எரிக்க இடமும் இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். ஓரத்திலிருந்து மட்டும் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் படம் பிடிக்கலாம். படம் உண்மை. எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் உண்மை. மீதியை அவரே வைத்துக்கொள்வார். சோதனையில் செலவாகிவிட்டது என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"அவங்களுக்காகப் போட்டீங்களா, நாலு தடவ தோத்துட்டோமேன்னு போட்டீங்களா?"

அவர் அமிலச் சீசாவை மூடினார். மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"தெரியல."

அனுசூயா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"சில டாக்டருங்க கட்டியோட ஓரத்துலேர்ந்து கிள்ளி அனுப்புவாங்க. நானும் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு எழுதுவேன். எழுதுனது பொய் இல்ல. ஸ்லைடுல ஒண்ணும் இருக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அந்த நோயாளிங்க பேரெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

ஓரத்துத் துண்டை எடுத்து அவர் படம் பிடித்தார். நல்ல படங்கள். கடிதத்தையும் அங்கேயே டைப் அடித்தார். கையெழுத்துப் போடும் இடத்தை விட்டுவிட்டு உறையில் வைத்தார். அறுத்த பாதியைக் கைக்குட்டையில் சுற்றினார். திரும்பும் வழியில் வீட்டுக்குப் பக்கத்துத் தெப்பனர் கடையில் நிறுத்தி அவள் பால் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பைப் பிரிக்கும் நாள். மணிவாசகம் காரை நிறுத்தியபோது பக்கத்து இருக்கையில் உறை இருந்தது. கைக்குட்டை அதன் மேல் இருந்தது. கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

குடிசையின் வைக்கோலை ரெனே கட்டுக் கட்டாக இறக்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கூரையிலிருந்தே பொன்ழூர் என்று கத்தினான். தறி கிடந்த இடத்தில் களிமண் குண்டுகள் வரிசையாக இருந்தன. கயிறு மட்டும் இன்னும் கட்டியே இருந்தது. கடைசி நாளிலும் மிஸஸ் கீகன் கம்பளி அங்கியோடு நுழைவாயிலில் நின்றார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். சிரித்தார். பிறகு பழக்கத்தில் கூடையை நீட்டினார்.

மணிவாசகம் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டார். சாவியைப் போட்டார். கைக்குட்டையைப் பிரித்து, அறுத்த முகம் மேலே இருக்கும்படி, இரும்பையும் கூடையில் வைத்தார்.

மிஸஸ் கீகன் கூடைக்குள் பார்த்தார். வெயில் நேராக விழுந்தது. இழை ஓடிய இரும்பும் நடுவில் இருந்த திட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. முப்பத்திரண்டு வருடம் மாணவிகளின் கட்டுரைகளில் எது அவர்களுடையது, எது புத்தகத்தில் பார்த்து எழுதியது என்று பிரித்துப் பார்த்தவர். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"சுத்தி இருக்கறது நம்மளுது," என்றார் மணிவாசகம். அவருடைய ஆங்கிலம் அன்று தடுமாறியது. "நடுவுல இருக்கறது மட்டும் நான் போட்டது."

கூரையில் ரெனே ஏதோ பாடிக்கொண்டிருந்தான். வைக்கோல் தூசி இருவருக்கும் நடுவில் இறங்கியது. மிஸஸ் கீகன் கூடைக்குள் கையை விட்டு, கட்டைவிரலால் கரடான விளிம்பிலிருந்து மெதுவாக உள்ளே தடவிக்கொண்டு வந்தார். வழவழப்புத் தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. கூடை கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை. மணிவாசகம் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார். இரும்புக்குப் பக்கத்தில் அவருடைய கடிகாரம் ஓடும் சத்தம் இருவருக்கும் கேட்டது.