இரையாத மைக் செட்டு

ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரலில், குற்றாலத்துப் பங்களா ஒன்றில் கல்யாணம். தென்காசி சேக் தாவூதின் மைக் செட்டு காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தது. அதைத் தேன்கூடு என்று நம்பி, மலையிலிருந்து தேன் எடுப்பவர்கள் இரண்டு பேர் தீப்பந்தத்தோடு இறங்கி வந்தார்கள். வந்ததற்குச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெண்ணுக்கு மாமி சுல்தான் பீவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏலே தாவூது, மாப்பிள்ளை வாரதுக்குள்ள இத அடக்குதியா, இல்ல புளியறை செட்டுக்காரரக் கூப்பிடட்டா? அங்கன டீக்கடையிலதான் உக்காந்திருக்காரு.”

தாவூது அவசரமாக மைக் ஒயரைக் கையில் எடுத்தான். ஒரு கல்யாணத்தில் புளியறைக்காரர் நுழைந்துவிட்டால், அப்புறம் தென்காசியில் காதுகுத்துக்குக்கூட இவனைக் கூப்பிட மாட்டார்கள்.

நோய் இன்னதென்று அவனுக்குத் தெரியும். மைக் ஒயருக்குச் சட்டை போட்ட மாதிரி, செப்புக் கம்பியால் பின்னிய குழாய் ஒன்று மூடியிருக்கும். வெளி இரைச்சலை அது வாங்கி, எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடும். அந்த எர்த் ஒயர் குழாயை விட்டுக் கழன்றிருந்தது. ஈயத்தால் பற்றவைத்தால் தீர்ந்தது.

பற்றவைக்கும் செப்புக்கோலைப் பிரியாணி அடுப்பில் காயவைத்து எடுத்தான். ஈயம் உருகியது, உருண்டது, சேம்பிலைத் தண்ணீர் போல வழுக்கிக் கீழே விழுந்தது. ஈயத்தைத் திட்டினான். கோலைத் திட்டினான். சாரலையும் விடவில்லை.

“உன் மேலுல ஈ உக்காந்தாலே வழுக்கி விழுது. ஈயம் எங்கலே நிக்கும்?” என்றாள் மாமி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சாரலில் குற்றாலம் வந்தவன் எண்ணெய் தேய்க்காமல் இருப்பானா? தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போகுமுன், செட்டு இரைகிறதென்று கல்யாண வீட்டு ஆள் வந்து இழுத்து வந்துவிட்டான். அந்தக் கையால்தான் குழாயை நீவி நீவிச் சரிபார்த்திருந்தான்.

ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு ஓடினான். தனக்கும் ஒயருக்கும் சீயக்காய் தேய்த்தான். அன்றைக்கு அந்த ஒயர் குளித்த குளியல் பெரிய ஜமீன்தார்களுக்கும் வாய்த்ததில்லை. அடுப்போரம் ஈரம் போக உலர்த்திக் கோலை வைத்தான். ஈயம் நெய்யாக ஓடிப் பிடித்துக்கொண்டது.

செட்டைப் போட்டான். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அதுவே வினையாயிற்று. அந்தக் காலத்து ஜனங்களுக்கு, இரைந்தால்தான் மைக் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பந்தலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுல்தான் பீவி மைக்கின் அருகே போய் முகர்ந்து பார்த்தாள்.

“போச்சு. இந்தப் பய செட்டக் குளிப்பாட்டியே கொன்னுட்டான். புளியறைக்காரர வரச் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழாம, மெதுவா…”

அவள் மெதுவாகச் சொன்னது ஐந்தருவி வரைக்கும் தெளிவாகப் போயிற்று. வழியில் மாப்பிள்ளையின் காரே நின்றுவிட்டது. டீக்கடையில் புளியறைக்காரர் பாதி டீயோடு எழுந்தார்.

தாவூது சுவிட்சை அணைக்கவில்லை.

“பேசுங்க மாமி, நல்லாத்தான் கேக்குது.”

சுல்தான் பீவி வாயைப் பொத்தினாள். பிறகு மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் குரல் நன்றாக இருக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக்கின் பக்கம் நகர்ந்தாள்.

“யப்பா புளியறைக்காரரே, டீயக் குடிச்சிட்டு அப்படியே ஊரு போய்ச் சேருங்க. இங்கன செட்டு நல்லாருக்கு.”

புளியறைக்காரர் உட்கார்ந்து மீதி டீயைக் குடித்தார். மாப்பிள்ளை வந்து இறங்கும்வரை தாவூதின் கைக்கு மைக் திரும்பவில்லை.