இருமலுக்குத் திறந்த கதவுகள்

டிரைவரம்மாவின் மூன்று மாதப் பிள்ளை முதன்முதலாக இருமியபோது, அந்த நாலு மாடிக் குடியிருப்பில் இருந்த கதவுகள் அத்தனையும் திறந்துகொண்டன. வாசல் கதவு, அறைக் கதவு, பீரோ, ஃபிரிட்ஜ், மீட்டர் பெட்டி, எதுவும் பாக்கியில்லை. இரண்டாம் மாடிப் பல் டாக்டர் இடுப்பில் துண்டும் தலை நிறைய சோப்பு நுரையுமாக, படியேறி வந்த தபால்காரருக்கு முன்னால் நின்றார். காற்று என்றார்கள். அடுத்த இருமலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவுகளும் திறந்தன, அதற்கடுத்ததற்குப் பூட்டிய கதவுகளும். அன்று மாலைக்குள் காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் அடைத்துக்கொண்டு கிடந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பிள்ளையின் மூக்கு.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள், பிரசவ விடுப்பில் இருந்தாள். கணவன் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல்காரன். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போனாள். மருத்துவரம்மா பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்த மருந்து அலமாரி திறந்தது. முழங்கையால் அதை மூடிவிட்டு, இது வைரஸ் சளி, மெதுவாகத்தான் போகும், இந்த வயதுப் பிள்ளைக்கு இருமல் மருந்து எதுவும் கூடாது என்றார். பால் கொடுக்குமுன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு ரப்பர் குமிழால் மெல்ல உறிஞ்சி எடுக்க வேண்டும், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழ மூச்சு இழுத்தாலோ பால் வேண்டாமென்றாலோ காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அலமாரி மறுபடி திறந்தது. மருத்துவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

குடியிருப்புக்காரர்கள் சில நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பூனைகள் ஃபிரிட்ஜில் தலைவிட்டுத் தின்றன. மேல்மாடிக்காரரின் மனைவி, கணவர் எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்ன சிகரெட்டைப் பீரோவின் மேல்தட்டில் கண்டெடுத்தாள். கடைசியில் எதிர்வீட்டில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு இருமல் மருந்துப் பாட்டிலோடு வந்தார், அவருக்குப் பின்னால் பாதிக் கட்டடமும் வந்தது.

"ரெண்டே சொட்டு போதும்மா. இருமாமத் தூங்கும். என் பிள்ளைங்க இதைக் குடிச்சுத்தான் வளந்தாங்க."

"அவங்கதான் வளந்துட்டாங்களே, இன்னும் எதுக்கு சார் பாட்டிலை வச்சிருக்கீங்க?"

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "அப்ப இதுக்கு என்னதான் வழி?"

"இருமறது அவன் வேலை. சளிய வெளிய தள்ளுறான். கதவைச் சாத்துறது உங்க வேலை. அவனவன் வேலைய அவனவன் பாப்போம்."

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். அவருடைய அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது, கதவு திறக்கும்போதெல்லாம் இறங்கிப் போய்விடுகிறார். "காலைல மெயின் ரோட்டுல, லாரிக்கு முன்னாடி நின்னுட்டிருந்தாரும்மா. யாரோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க."

டிரைவரம்மா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அவரை இங்க கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். "ஆனா அந்தப் பாட்டிலை எடுத்துட்டுப் போயிடுங்க. என் உசிரே போனாலும் அது அவன் வாயில போகாது."

பெரியவர் வந்தார். அவள் பிள்ளையை நிமிர்த்தி அவர் தோளில் சாய்த்து வைத்தாள். நிமிர்ந்திருந்தால் பிள்ளைக்கு மூச்சு லேசாகியது. கதவு திறந்தால் பெரியவர் திரும்பிப் பார்ப்பார், தோளில் பிள்ளை இருப்பதால் எழுந்திருக்க மாட்டார். யார் பிள்ளை இது என்று கேட்பார், உங்க எதிர்வீட்டுப் பிள்ளை ஐயா என்பாள். சளி பிடிச்சிருக்கே என்று அப்போதுதான் கண்டுபிடித்தது போலக் கவலைப்படுவார். கை வலிப்பதுகூட அவருக்கு மறந்துவிடும், அதனால் யாரைவிடவும் அதிக நேரம் பிடித்திருந்தார்.

ஒரு மத்தியானம் இருமல் நின்றது. மூடிய கதவுகள் மூடியபடியே இருந்தன, மேல்மாடியில் கைதட்டினார்கள். டிரைவரம்மா பெரியவர் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மார்பில் போட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பையை எடுத்துக்கொண்டு கதவை இழுத்தாள், அது வரவில்லை. உதைத்தாள், அசையவில்லை. கட்டடத்தில் எந்தக் கதவும் திறக்கவில்லை. அவள் உதைத்த சத்தத்துக்கு எதிர்வீட்டில் செயலாளரும் தன் கதவை உள்ளிருந்து இடிப்பது கேட்டது.

பிரேக் பிடிக்காத பேருந்தை ஒருமுறை சரிவில் ஆள் சேதமில்லாமல் இறக்கியவள் அவள். இப்போது உப்புநீர்ச் சொட்டின் மூடியைத் திருக முடியவில்லை. பெரியவர் அதை வாங்கித் திறந்து கொடுத்தார். அவள் சொட்டு விட்டு, உறிஞ்சி எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தாள்.

"இருமுடா. எவன் என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். நீ இருமு."

பிள்ளை முகம் சிவக்க எங்கிருந்தோ மூச்சைச் சேர்த்துக்கொண்டு இருமினான். வீட்டுக் கதவு சுவரில் மோதித் திறந்தது. எதிர்க் கதவிலிருந்து செயலாளர் கார் சாவியோடு வந்து விழுந்தார். அவருடைய காரின் கதவுகள் கீழே ஏற்கெனவே விரிந்திருந்தன, பெரியவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழி நெடுகக் கடை ஷட்டர்கள் ஏறின, ரயில் போன பிறகும் மூடிக்கிடந்த கேட் தூக்கிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வாசலிலிருந்து குழந்தைகள் வார்டுவரை ஒரு கதவைக்கூட அவள் தள்ள வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். கேண்டீனிலிருந்து போட்ட ஏப்ரனோடு ஓடி வந்த கணவன் அவளிடம் எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான். வார்டு டாக்டர், "தூக்க மருந்து மாதிரி எதையாவது கொடுத்திருந்தா இருமக்கூடத் தெம்பு இருந்திருக்காது" என்றார். செயலாளர் எழுந்து வராந்தாவுக்குப் போனார், வெகுநேரம் உள்ளே வரவில்லை.

பிள்ளை தேறினான். வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் மாதக் கடைசிவரை இருந்தது, கதவுகளும் திறந்துகொண்டேதான் இருந்தன. அது குணமாகும்வரை குடும்பம் வேறெங்காவது இருக்கட்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. டிரைவரம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "காலி பண்ண மாட்டேன். இவன் இருமித்தான் பிழைச்சான், இன்னும் இருமுவான்." சொல்லி வைத்ததுபோல் பிள்ளை இருமினான், கூட்ட அறையின் இரட்டைக் கதவு அகலத் திறந்தது. செயலாளர் போய் அதைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "அடுத்த விஷயம், தண்ணி டேங்க்" என்றார்.

பிறகு அந்தக் கட்டடத்தில் வேறு பிள்ளைகளும் பிறந்தார்கள், அவர்களுக்கும் சளி பிடித்தது, அவர்கள் இருமியபோது எதுவும் திறக்கவில்லை. டிரைவரம்மாவின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மழைக்காலத்தில் அவனுக்குத் தொண்டை கரகரத்தால், குடியிருப்பில் யாரும் வெளியே போகும்போது சாவி எடுத்துக்கொண்டு போவதில்லை.