பத்மாஸினி வரைந்த காப்பி மிஷின்

அந்த வருஷம் மைசூரில் எங்கள் பேட்டை மாதர் சங்கத்தில் கோலப்போட்டி கிடையாது. டிராயிங் டீச்சர் ஜேன் புது யோசனை ஒன்றைக் கிளப்பிவிட்டாள். சுதந்திரம் வந்த நாட்டில் ஜனங்கள் எதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று காட்ட, வீட்டுக்கு ஒரு படம். தினம் கைபடும் ஒரு பொருளை எதிரே வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். ஞாபகத்திலிருந்து வரைந்தால் படம் கண்காட்சிச் சுவரேறாது. கிளியும் கிருஷ்ணனும் கண்டிப்பாகக் கூடாது.

பத்மாஸினிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அவள் வரைந்ததெல்லாம் மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளின கோலம்தான். ஒரே ஒரு படமாவது ஆணியில் தொங்காதா என்று மனுஷி ஏங்கிப்போயிருந்தாள்.

ஒன்பது நாள் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினை வரைந்தாள். கைப்பிடியில் சுற்றின கம்பி, வாயோரம் போன சில்லு, ஒன்றையும் விடவில்லை. கதவை எதற்குச் சாத்தினாள் என்றால், அந்த மிஷின் எதிர்வீட்டு ஜயம்மாவுடையது. பத்மாஸினி தன் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு இரவல் வாங்கினது. ஜயம்மா கேட்டபோது, "அன்னிக்கே கொடுத்துட்டேனே மாமி" என்று நிஜமென்று நம்பித்தான் சொன்னாள். மறுவாரம் அது பரணில் அண்டாவுக்குள் கிடைத்தது. அதற்குள் ஜயம்மா தன் ஓர்ப்படிதான் சுருட்டிக்கொண்டு போனாள் என்று முடிவுகட்டி, அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். இனி எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? இரண்டு வருஷம் ஓடிவிட்டது. காப்பி மட்டும் அபாரமாக இருந்தது.

ஜயம்மா வைரமுடி சேவை உற்சவத்துக்கு மேல்கோட்டைக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், வரப் பத்து நாளாகும் என்ற தைரியத்தில்தான் படத்தைக் கொடுத்தாள். படம் நடுச்சுவரில் ஏறியது. ஜயம்மாவோ ஜலதோஷம் பிடித்து மூன்றாம் நாளே திரும்பி, நேரே கண்காட்சிக்கு வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். பத்மாஸினி மெல்ல வாசல் பக்கம் நகரப் பார்த்தாள்.

"அய்யோ ராமா, இது என்னோட மிஷின்னா! இந்தக் கம்பி நான் சுத்தினது!" ஜயம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு வருஷம் முன்னாடி திருப்பிக் கொடுத்ததை இப்படி அச்சு அசலா வரைஞ்சிருக்கியே! என்ன ஞாபகசக்திடீ உனக்கு!"

பத்மாஸினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏதோ, பகவான் கொடுத்தது மாமி" என்று இழுத்தாள்.

ஜேன் டீச்சரின் முகம்தான் தொங்கிப்போயிற்று. "ஞாபகத்துலேருந்தா வரைஞ்சீங்க? அப்ப இதை வெக்க முடியாதும்மா. உங்களுக்குன்னு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கிளி வரைவாங்க" என்று ஸ்டூலில் ஏறிப் படத்தில் கைவைத்தாள்.

ஒரு பக்கம் ஆணியைவிட்டுக் கழன்றது. பத்மாஸினியால் தாங்க முடியவில்லை.

"ஞாபகமாவது மண்ணாவது! ஒன்பது நாள் எதிர்ல வெச்சுண்டு வரைஞ்சேன்! இன்னிக்குக் கார்த்தாலகூட அதுலதான் அரைச்சேன்!"

ஜயம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"அப்போ, என் ஓர்ப்படி எடுக்கலையா?"

"இல்லை மாமி."

வெட்கத்தில் பத்மாஸினிக்குக் காதெல்லாம் சுட்டது. பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. இருந்தாலும் கண் மட்டும் சுவரைவிட்டு நகரவில்லை.

"டீச்சர், இடது பக்கம் தாழ்ந்திருக்கு. கொஞ்சம் தூக்கி மாட்டுங்கோ."