வாசலில் கொடுத்த முத்தம்

நான் செய்தது மகா மடத்தனம். இந்த ரொசாரியோ ஊரில் இருபத்திரண்டு வருஷமாக இதே வேலையைப் பார்க்கிறேன். நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று என்னைத் திட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் எங்கள் ஊர்க்காரி எவளாக இருந்தாலும் செய்திருப்பாள்.

என் வேலை இதுதான். பயத்தில் இறுகிப்போன உடம்பைப் பேச்சால் மட்டும் இளக்க முடியாது. ஒரு நேரத்துக்கு ஒரே ஆள். மூச்சையும் தோளையும் தாடையையும் கவனித்து, கேட்டுக் கேட்டுத் தொட்டு, இனி ஆபத்தில்லை என்று நரம்புகளுக்குப் புரியவைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

நீடியா டிசம்பர் வெயிலில், எங்கள் தென்கோளத்துக் கோடையில், வந்தாள். நாற்பத்தாறு வயது, ரவியோலி விற்கும் கடையில் மாவு பிசைகிறவள். எங்கள் ஊரில் யார் வந்தாலும் போனாலும் கன்னத்தில் ஒரு முத்தம் உண்டு. பல் டாக்டருக்கும் உண்டு, எதிர்க்கட்சி வக்கீலுக்கும் உண்டு. நானும் வழக்கப்படி கன்னத்தை நீட்டினேன். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"சரி, இந்த வாசல்ல முத்தம் கிடையாது. இது சட்டம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், எனக்கு ஒரே ஒரு காரியம் ஆகணும். என் பையன் லௌதாரோ ஜூன்ல ஸ்பெயினுக்குப் போறான். அங்கயே இருந்துடுவான். போறதுக்கு முன்னாடி அவனை ஒரு தடவை கட்டிப்பிடிக்கணும்."

"நான் டாக்டர் இல்லம்மா, என் பேர் ஒஃபேலியா. கடைசியா எப்ப கட்டிப்பிடிச்சே?"

"அவனுக்கு அப்ப ஆறு வயசு. இப்ப இருபத்தி நாலு."

புருஷன் அனிபால் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவன் என்னென்ன செய்தான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. அவன் போய்ச் சேர்ந்த சேதி அவள் தோள்களுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. யார் நெருங்கினாலும் காதுவரை ஏறிக்கொள்ளும்.

பாதத்திலிருந்து ஆரம்பித்தோம். தரையை அழுத்து, மூச்சு விடு, அவ்வளவுதான் முதல் மாதம். பிறகு நடுவில் ஒரு தலையணை, அவள் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் அழுத்துவோம். பிறகு என் உள்ளங்கை அவள் முழங்கைமேல். "வைக்கவா?" என்பேன். "வைங்க" என்பாள். "போதும்" என்றால் அந்த நொடியே எடுத்துவிடுவேன். மார்ச்சில் ஒரு நாள் இருபது தடவை போதும் என்றாள், இருபது தடவையும் எடுத்தேன். நிஜமாகவே எடுக்கிறேனா என்று சோதித்திருக்கிறாள், கள்ளி. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் சிரித்துப் பார்த்தேன்.

ஜூன் வந்தது, குளிரும் வந்தது. சனிக்கிழமை அவனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் பஸ், வியாழக்கிழமை எங்கள் கடைசி அமர்வு. இரண்டு கைகளாலும் அவளை முழுசாக அணைத்தேன். பதினொரு மூச்சு எண்ணினேன். அவள் தோள் இறங்கியது. தானாகவே கையைத் தூக்கி என் முதுகில் வைத்தாள்.

"ஒஃபேலியா, முடியுது" என்று அழுதாள். "சனிக்கிழமை இது போதும் எனக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டை எடுத்துக் கொடுத்தேன், கதவைத் திறந்தேன், பையனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தேன். சிரித்த வாக்கில் குனிந்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டேன். கேட்கவில்லை. ஆறு மாதம் விரலை நகர்த்துவதற்குக்கூடக் கேட்டவள், அதற்குக் கேட்கவில்லை.

அவள் மரமாகிவிட்டாள். தோள் காதுக்கு ஏறியதைப் பார்த்தேன். "நீடியா" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று படி இறங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை நாலு முறை கூப்பிட்டேன், போனை எடுக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த பாவி நான். சனிக்கிழமை முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவளே வந்தாள். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"பஸ் நிலையத்துல எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு இருந்தாங்க. இவன் உங்கள மாதிரியேதான் கேட்டான். 'கட்டிக்கவாம்மா?'ன்னு. வாய் சரின்னு சொல்லுச்சு. கை வரல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அவன் ரெண்டு கையையும் விரிச்சபடியே நின்னான். டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சாரு. 'பரவால்லம்மா, குளிருது, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லிட்டு ஏறிட்டான்."

"தப்பு என்மேலதான், நீடியா."

"அனிபாலும் அப்படித்தான். வெளியாளுங்க கிளம்பும்போது, வாசல்ல, எல்லாரும் பாக்க எனக்கு ஒரு முத்தம் குடுப்பான். ரொம்ப சந்தோஷமா குடுப்பான். அவங்க போனதும் கதவைச் சாத்துவான்." பாதத்தால் தரையை அழுத்திக்கொண்டாள். "நீங்க பிரியத்துலதான் குடுத்தீங்க. எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியல."

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் பரிவைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"விட்டுடக் கூடாது. மறுபடி பாதத்துலேருந்து ஆரம்பிக்கலாம். வியாழக்கிழமை வா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வரலாம். வந்து கத்துக்கிட்டு, யாரைக் கட்டிப்பிடிக்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் எதையாவது சொல்வேன் என்று, கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி, வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தாள்.