ஐந்தாம் நம்பர் வீட்டுப் பால்

பால் பொங்கவில்லை. இரண்டு தடவை வைத்தும் பொங்கவில்லை. பாஞ்சாலிக்கு வந்த கோபத்தில் அடுப்பையே தூக்கி வெளியே வீசியிருப்பாள். சமையல் மேடையோடு பதித்துத் தொலைத்துவிட்டார்களே, என்ன செய்ய!

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், வயதானவர்களுக்கென்றே கட்டி விற்கிற இருபது வீடுகளில் ஐந்தாம் நம்பர் அவர்களுடையது. ஏரியூர் வீட்டை விற்று வாங்கியது. வழுக்காத தரை, பிடித்து நடக்கக் கம்பி, கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ் என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே வந்ததுமே புருஷன் காளியப்பனின் முழங்கால் வலி பாதி குணமாகிவிட்டது. அடுப்புதான் மகா புத்திசாலி. பால் கொதித்து மேலே வருகிற நேரம் பார்த்துத் தானாக அணைந்துவிடும். கிழடுகள் மறந்துவிடுவார்களாம்!

"பால் பொங்காத வூடு சொந்த வூடாங்க? ஆஸ்டலு! கட்டுன மூட்டை கட்டுனபடியே இருக்குது, வண்டியக் கூப்புடுங்க, போலாம்" என்றாள்.

காளியப்பனின் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற இடம் திறந்தவெளி. அங்கே கொத்தனார்கள் போட்டுவிட்டுப் போன செங்கல்லில் மூன்றைப் பொறுக்கி அடுப்புக் கூட்டினாள். காய்ந்த வேப்பங்குச்சியைச் செருகிப் பற்றவைத்தாள். காளியப்பன் உட்கார முடியாமல் குனிந்து நின்றே விசிறினார். பால் நுரைத்து ஏறி, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அப்பாடா! பாஞ்சாலிக்கு அழுகையே வந்துவிட்டது.

புகையைப் பார்த்து மேனேஜர் ரஞ்சித்குமார் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார். "அம்மா, இங்க தீ மூட்டக்கூடாதுங்க, ரூல்ஸ்ங்க!"

"இது யாரு வூடு?"

"உங்க வூடுதாங்க..."

"அப்பறம் என்ன? இந்தா, பாலைக் குடி."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். அதற்குள் நாலாம் நம்பர் ராஜமேரி, கையில் ஒரு பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள். புருஷன் செத்தபிறகு தனியாக இங்கே வந்து சேர்ந்தவள்.

"அணைச்சிடாதீங்கக்கா. நான் வந்து ரெண்டு வருசமாச்சு, எனக்கும் பொங்கலை. சொன்னா சிரிப்பாங்கன்னு வாயத் தொறக்கல. நம்ம வூடுன்னு மனசே ஒட்டல. அவரு போட்டோவக்கூட இன்னும் பெட்டிய விட்டு எடுக்கலக்கா."

பாஞ்சாலி இரும்புச் சட்டியில் கங்குகளையும் செங்கல்லையும் அள்ளிப்போட்டு ரஞ்சித்குமாரிடம் நீட்டினாள். அவர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு நாலாம் நம்பருக்கு நடந்தார்.

"ஏங்க, நம்ம மூட்டையப் பிரிங்க" என்றாள் பாஞ்சாலி புருஷனிடம். "உள்ள சுத்தியல் இருக்குது. மேரி வூட்ல ஆணி அடிக்கணும்."